நாற்பத்திரண்டு மடிப்புச் சட்டை

மூன்றாம் முகாமில் கரடி எழுந்து நின்ற அன்று மலைப்பாதையின் வழிகாட்டி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள், தூக்கியதும் பன்னிரண்டு அடி உயரமானாள். அதற்கு முன்னும் அடுத்த கால்மணி நேரத்திற்குப் பின்னும் அவள் உயரம் நாலடி எட்டு அங்குலம். கரடிக்கு இடது காது கிடையாது. அது ஒரு பார்வை பார்த்தது, முன்னங்கால்களை மெதுவாகத் தரையில் வைத்தது, ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல் புதருக்குள் போய்விட்டது. உடனிருந்த ஏழு பேரில் ஒருவர் நில அளவையாளர் என்பதால், பன்னிரண்டு அடி என்ற கணக்கில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கால்சட்டை எலாஸ்டிக் வைத்தது, பிழைத்துக்கொண்டது. சீருடைச் சட்டை மட்டும் தோளிலும் முதுகிலும் நார்நாராகிவிட்டது. புதுச் சட்டை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் ‘கிழிந்த காரணம்: வளர்ந்தது’ என்று எழுதிக் கொடுத்தாள். வனத்துறை ரேஞ்சர் படித்துப் பார்த்துவிட்டு, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

கை தூக்குவது கடைசி வேலை, அதற்கு முன்னால் செய்யவேண்டியது எவ்வளவோ இருக்கிறது என்பது அவள் கட்சி. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு நீள மேசை. மலையேற வந்தவர் பெரிய டாக்டராக இருந்தாலும் சரி, பையை அதில் கொட்டவேண்டும். ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பார்ப்பாள். ரொட்டி, பருப்புப் பொட்டலம் மட்டுமல்ல, பல்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசும் களிம்பு என்று வாசனை உள்ள எதுவும் இரும்புப் பெட்டிக்குப் போகும். பெட்டி கூடாரத்திலிருந்து நூறு காலடி தள்ளி இருக்கவேண்டும், சமையல் எதிர்ப்பக்கம் இன்னொரு நூறு காலடி. சமைத்தபோது போட்டிருந்த சட்டையோடு படுக்கக் கூடாது. நடக்கும்போது பேசிக்கொண்டே நடக்கவேண்டும், ஆள் வருவது தெரிந்தால் கரடியே ஒதுங்கிவிடும். பேச ஒன்றுமில்லாத தம்பதிகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்வாள். எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டவே கூடாது, முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெல்லப் பின்வாங்கவேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கை.

ஒருமுறை ஆறடிக்கு மேல் இருந்த ஒருவன் அவளைக் குனிந்து பார்த்துச் சிரித்தான். “அக்கா, நீங்க கையத் தூக்கினாலும் என் தோளுக்குத்தானே வருவீங்க? கரடி சிரிச்சுடப் போகுது.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் தம்பி. அந்தப் பக்கவாட்டு ஜிப்புல பல்பசை இருக்கு, அத எடுத்து வைங்க. உங்க பல்லுக்காக அது சாகக் கூடாது.”

அவள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. துறையின் விதிப்புத்தகத்தில், கூடாரத்தைக் கிழித்த கரடியைச் சுட்டுவிடவேண்டும் என்று இருக்கிறது. ஒருமுறை கிழித்து ருசி கண்டது மறுபடி வரும் என்பது காரணம். பக்கத்து மலைகளில் அப்படி ஆண்டுக்கு இரண்டு மூன்று போயின. எங்கள் மலையில் மட்டும் மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. ஸ்டூல் போட்டு ஏறி அவளே பெயின்ட்டில் எழுதியது. ‘இந்தப் பாதையில் கரடியால் காயம்பட்ட மனிதர் இல்லை. மனிதரால் செத்த கரடி இல்லை.’ அதற்குக் கீழே எத்தனை ஆண்டு என்ற எண் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. பத்தொன்பது என்று மாற்றிய அன்று நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கமாக ஏதோ வேலை இருப்பதுபோல் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தோம். ஊரில் வேறு பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, இது போதும் என்பதுதான் பதில்.

அவள் கணவன் தையல்காரன். கடைவீதித் திருப்பத்தில் ஒரே அறை, இரண்டு மெஷின். துறைக்காக அவள் சீருடையைத் தைப்பதும் அவன்தான். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், ஆனால் ஒருநாளும் ஏறியதில்லை. கரடிக்குப் பயமா என்று கேட்டால் முழங்காலைக் காட்டுவான். ஐந்து சட்டை கிழிந்த பிறகு அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கைத்தையல் ஊர் முன்னால் பிரிவதை எந்தத் தையல்காரன் பொறுப்பான்? அளவு நாடாவோடு மூன்று மாதம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, தோளிலும் கையிலும் முதுகிலும் நாற்பத்திரண்டு மடிப்பு வைத்து ஒரு சட்டை தைத்தான். மடிப்புகளை லேசாக இழையோட்டி மட்டும் விட்டான். சாதாரண நேரத்தில் அது அவளுக்கு அளவெடுத்த சட்டை. வளர்ந்தால் இழை தெறித்து மடிப்பு விரியும், துணி கிழியாது. ஆறாவது முறை அவள் கை தூக்கியபோது மடிப்பு விரிந்தது, சட்டை கிழியவில்லை. அதை அவன் கடைவாசலில் இரண்டு வாரம் தொங்கவிட்டிருந்தான். பக்கத்து ஊர்த் தையல்காரர்கள் வந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் போனார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தத் தொழிலில் கிடையாது.

தப்பு நடந்தது இருபதாம் ஆண்டில். பழைய சட்டை நைந்துவிட்டதால் அவன் புதிது தைக்க உட்கார்ந்தான். பெருமை ஏறிய கை சும்மா இருக்குமா? பெரிய தையலெல்லாம் ஆயுசுக்கும் விடக் கூடாது என்று, நூல் முழுவதையும் மெழுகுக் கட்டியில் இழுத்து இழுத்து உறுதியேற்றினான். நல்ல மெழுகு, அசல் தேனடையில் எடுத்தது. ஒரு மாதம் அவன் விரலிலும் வீட்டுத் திரையிலும் தலையணையிலும் அந்த வாசனைதான். ஊரார் பையையெல்லாம் முகர்ந்து பார்த்த மூக்கு, அந்தச் சட்டையை மட்டும் முகரவில்லை. முகர்ந்திருந்தாலும் அவளுக்கு அது கணவன் வாசனையாகத்தான் இருந்திருக்கும்.

விடிந்து ஒரு மணி நேரம். மூன்றாம் முகாமில் பதினைந்து பேர் கூடாரங்களிலிருந்து நூறு காலடி தள்ளிக் காப்பி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி குளிருக்குக் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு நின்றாள். புதுச் சட்டை அவளுடைய கூடாரத்துக்குள் மடித்து வைத்திருந்தது. அந்த ஒற்றைக்காதுக் கரடி நேராக வந்தது, மற்ற ஒன்பது கூடாரங்களையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அவளுடையதை மட்டும் ஒரே இழுப்பில் கிழித்தது, சட்டையை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தது. தையல் தையலாகச் சப்பியது. துணியைத் துப்பியது. வழிகாட்டி, சரிவில் உருண்டு தன் காலடிவரை வந்த ஒரு பட்டனை எடுத்தாள், அதிலிருந்த நூலை முகர்ந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள், அவளைக் கரடி அடித்துப் போட்டிருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது என்றார்கள்.

மறைத்திருக்கலாம். பதினைந்து பேரும் அவள் பக்கம்தான். அவளோ வயர்லெஸ்ஸை எடுத்து, கூடாரம் கிழிந்தது என்று தானே சொன்னாள். நண்பகலில் ரேஞ்சரும் துப்பாக்கிக்காரரும் வந்து சேர்ந்தார்கள். கரடி அதே இடத்தில் காலருக்கு வந்திருந்தது. காலரில் இரட்டைத் தையல்.

“தப்பு கரடி மேல இல்ல சார். வாசனையோட சட்டைய உள்ள வச்சது நான்.”

“விதின்னு ஒண்ணு இருக்கே அக்கா. நீங்களே தினமும் படிச்சுக் காட்டறதுதானே,” என்றார் துப்பாக்கிக்காரர். நல்ல மனிதர், குரலில் வருத்தம் இருந்தது. துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்.

அப்போது அவள், இருபது ஆண்டுகளாக எவரையும் செய்யவிடாத ஒன்றைச் செய்தாள். கரடிக்கு முதுகைக் காட்டி, துப்பாக்கியைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கினாள். பன்னிரண்டடியில் வழக்கமாக நிற்பது அன்று நிற்கவில்லை. ஊசியிலை மரங்களைத் தாண்டியது, பாறை முகட்டைத் தாண்டியது. கம்பளிச் சட்டை மெஷினில் பின்னியது, கணவன் அதைத் துணியென்றே ஒப்புக்கொண்டதில்லை. அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. கீழே கடைவீதியில் நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது, மலைக்கு மேல் எங்கள் வழிகாட்டி இடுப்பளவு தெரிந்தாள். நெஞ்சு விம்மியது, சொல்வதற்கென்ன. தையல்காரன் ஜன்னலருகே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். பார்த்தான், கண்ணைத் துடைத்தான். “கம்பளி சாயம் போயிருக்கு,” என்றான்.

அவள் சத்தம் போடவில்லை. அங்கிருந்து சாதாரணமாகப் பேசியதே மூன்று பள்ளத்தாக்குகளில் கேட்டது. “என் தப்புன்னு எழுதுங்க.”

துப்பாக்கி தோளைவிட்டு இறங்கியது. ரேஞ்சர் பேனாவை எடுத்தார். இருபது ஆண்டில் ஒரு தப்பும் செய்யாதவள் என்று அவளைப் பற்றி மேலிடத்துக்கு அவரே எழுதியிருந்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ‘கரடி குற்றமற்றது. வழிகாட்டி வாசனைப் பொருளைக் கூடாரத்தில் வைத்தார்’ என்று எழுதி, அண்ணாந்து படித்துக் காட்டினார். “தேதி?” என்றாள். போட்டார். அதன் பிறகே கையை இறக்கினாள். திரும்பிப் பார்த்தபோது கரடி இல்லை. பட்டன்கள் மட்டும் பாறைமேல் கிடந்தன, எட்டில் ஏழு.

அடுத்த வாரம் தையல்காரன் முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மலைப்பாதைக்கு வந்தான். கையில் பொட்டலம், மெழுகு படாத வெறும் நூலில் தைத்த சட்டை. எல்லோரையும் போல வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் வழிகாட்டி சட்டையை விரித்து, தையல் தையலாக முகர்ந்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து விரல்களை முகர்ந்தாள். கொஞ்சம் அதிக நேரம் முகர்ந்தாள் என்று பின்னால் நின்றவர்கள் சொல்கிறார்கள்.

“இடது பாக்கெட்டுல என்ன?”

“ஒண்ணுமில்லம்மா. சின்ன மெழுகுக் கட்டி. கைப்பழக்கம்.”

“பெட்டியில போடுங்க. போய் வாசனையில்லாத சோப்புல கை கழுவிட்டு வாங்க. எத்தன தடவைன்னு நான் சொல்றேன்.”

மூன்று தடவை கழுவினான். பலகையில் ஆண்டு இருபது என்று மாறியிருந்ததைத் தலையை ஆட்டிப் படித்துக்கொண்டே திரும்பி வந்தான். வரிசையில் புதிதாக வந்த ஒருத்தி, மேசைக்குப் பின்னால் அரைகுறையாகத் தெரிந்த வழிகாட்டியைப் பார்த்துவிட்டு அவனிடம் மெதுவாகக் கேட்டாள். “ஏங்க, இவங்க ரொம்பக் குட்டையா இருக்காங்களே. நிஜமாவே கரடி வந்துட்டா?”

தையல்காரன் பொட்டலத்திலிருந்த சட்டையின் தோளை நீவிவிட்டான். “இதுவரைக்கும் நாப்பத்திரண்டு மடிப்புதான் வச்சேன், இனிமே பத்தாது. இந்தத் தடவ எழுபது வச்சிருக்கேன்,” என்றான்.