பன்னிரண்டு மெகாவாட் அதிகம்

1.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கதையை அக்காவிடமிருந்து சுட்டேன். இன்று சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து ஓடிவந்து, என் சோபாவில் தொப்பென்று விழுந்து அவள் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கை துறுதுறுத்து, தலைகால் புரியவில்லை. கூடப் பிறந்தவள் சங்கடத்தில் இருக்கும்போது இப்படித் துள்ளலாமா என்று கேட்காதீர்கள். எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

2.

தொடக்கம் ஒன்று: மின்சாரம் ஒரு நதியைப் போல (வேண்டாம். அக்கா அடிப்பாள்.)

தொடக்கம் இரண்டு: அக்காவின் கம்ப்யூட்டருக்குள் ஒரு முழு மின்வலை இருக்கிறது. நிஜத்தில் புதுக் கம்பி இழுப்பதற்கு முன்னால் அதில் இழுத்துப் பார்ப்பார்கள். தயாராகிற மின்சாரம் ஒரு பக்கம், செலவாவதும் வழியில் வீணாவதும் இன்னொரு பக்கம். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மூன்று நாளாகத் தயாராகிற பக்கம் பன்னிரண்டு மெகாவாட் அதிகமாக இடித்தது.

(சுமாரான தொடக்கம்தான். புரிந்ததல்லவா, விடுங்கள்.)

3.

விவரங்களை அதில் ஏற்றுகிறவருக்கு நாற்பத்தாறு வயது. அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது என்பதால் ஆபீஸில் அவருக்குப் பெயர் ஸ்பீக்கர். அக்கா ஆறு பேர் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து ஏத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"திரும்ப ஒருதடவ பாத்துடறேன் மேடம்."

அக்கா அதோடு விடவில்லை. இவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று மேனேஜருக்கு எழுதிவிட்டாள். இன்று நாலு மணிக்கு மீட்டிங்கில் முடிவு.

[இங்கே ஸ்பீக்கரை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசையை முறுக்கியபடி எண்களை மாற்றுகிறார், பிறகு ஹா ஹா என்று மெதுவாக]

4.

இன்று காலை பதினொரு மணிக்கு அக்கா தப்பைப் பிடித்துவிட்டாள். வலையின் ஒரு மூலையில், நிஜத்தில் இல்லவே இல்லாத ஒரு மின்நிலையம். ஏற்றியவர் பெயர்: அக்கா.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கணக்கு முடிவுக்கு வராமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அதை நிறுத்த ஒரு பொய் மின்நிலையத்தைச் செருகினாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் அணைத்துவைத்தாள், அழிக்க மறந்தாள். போன வாரம் வந்த புது மென்பொருளுக்கு அந்த 'அணைத்தது' புரியவில்லை. நிலையம் அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இல்லாத பவர் ஸ்டேஷன நீ கட்டிட்டு, அவரத் திட்டினியா?"

"சிரிக்காதடா."

"அழிச்சிட்டியா?"

"அழிச்சேன். வித்தியாசம் பூஜ்யம்."

"அப்புறம் என்ன?"

"கம்ப்யூட்டருக்குச் சரியாயிடுச்சு. எனக்குத்தான் ஆகல."

5.

முடிவு அ: மீட்டிங்கில் அக்கா எழுந்து உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எந்த ஆபீஸில்?)

முடிவு ஆ: அக்கா வாயைத் திறக்கவில்லை. ஸ்பீக்கர் மேசையைக் காலி செய்கிறார். (இதை எழுதியதும் என் துள்ளலெல்லாம் அடங்கிவிட்டது. எனக்கே என் மேல் கோபம் வந்தது.)

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"ரெண்டும் வேணாம். வாயால சொன்னா நடுவுல எனக்கு நானே வக்காலத்து வாங்குவேன். இதையே பிரிண்ட் எடு. மேனேஜருக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு."

"மீசையோடவா?"

"மீசையோடதான்."

"முடிவு?"

"அத எழுத நீ யாரு?"

6.

ஆகவே, ஸ்பீக்கர் சார். (இந்தப் பட்டப்பெயர் உங்களுக்கு இதுவரை தெரியாதென்றால் மன்னிக்கவும்.) யாரோ வாசகரிடம் பேசுவதுபோல் நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது உங்களிடம்தான். நாலு மணிக்கு அந்த ஆறு பேரும் மீட்டிங் அறையில் இருப்பார்கள், அக்கா உங்களுக்கு எதிரே நின்றுகொண்டிருப்பாள். உட்கார மாட்டாள். நீங்கள் படித்து நிமிர்ந்ததும் அவளிடம் என்ன சொல்கிறீர்களோ, அதுதான் முடிவு.