விட்டுடாதீங்க

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்து, காய்ச்சி இறக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்தான். இடது ஓரத்தில் கருகிய கறை ஒன்று. அதைத் தொடாமல் சுற்றித் துடைத்தான். ஒரு வருடமாக இப்படித்தான்.

கதவு தட்டப்பட்டது. அவன் மனைவியின் அண்ணன்.

"கிளம்பலையா மாப்ள? இன்னிக்காவது வாயைத் திறங்க. என் தங்கச்சி சொன்னதை ஆளாளுக்கு இழுக்குறாங்க."

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து அவள் இறந்த அன்று, மருத்துவமனை வாசலில் ஒரு நிருபர் அவனைக் கேட்டார்: "கடைசியா என்ன சொன்னாங்க?" அவன் வாயில் வந்தது ஒரே சொல். "விட்டுடாதீங்க." மறுநாள் அது தலைப்புச் செய்தி. உயிர் போகும்போது சொன்னாள் என்று ஊரே நம்பியது.

நினைவுக் கூட்டத்தில் அவனுக்கு முதல் வரிசை. மேடைத் திரையில் அந்தச் சொல், ஆள் உயரத்துக்கு. அதன் கீழே பேராசிரியரும் கட்டுரையாளரும்.

"மனுஷத்தனத்தை விட்டுடாதீங்கன்னுதான் சொல்லிட்டுப் போயிருக்காங்க," என்றார் பேராசிரியர். "பதிலுக்கு நாம போடுற குண்டும் யாரோ ஒருத்தர் வீட்டுலதானே விழுது?"

"கொன்னவனை விட்டுடாதீங்கன்னு சொன்னாங்க," என்றார் கட்டுரையாளர். "மன்னிக்க நீங்க யாரு சார்? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு..."

அரங்கு சிரித்தது. முதல் வரிசையில் யார் இருக்கிறார் என்பது நினைவுக்கு வர, சிரிப்பு பாதியில் நின்றது. அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் இருந்தால் சிரித்திருப்பாள்.

கட்டுரையாளர் தலை குனிந்துகொண்டார். "அவரையே கேட்டுடலாம்," என்றார் பேராசிரியர், மெதுவாக.

மைக் கைக்கு வந்தது. இருவரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் அந்தச் சொல் இவர்கள் குரலில்தான் அவன் காதில் விழுகிறது. அவள் குரலில் கேட்டு மாதங்களாகின்றன. இன்றும் பேசாமல் போனால் அது இனி வரவே வராது.

"சொல்லுங்க மாப்ள," என்று முழங்கையால் இடித்தார் மச்சான்.

"பஸ் ஸ்டாண்டுல சொல்லல," என்றான். "காலையில, வீட்டுல. செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னா."

"என்னன்னு?"

"அடுப்புல பால் இருக்கு. போனையே பாத்துக்கிட்டு பொங்க விட்டுடாதீங்க."