கோணல் வகிடு

சைட்டில் எல்லோரும் 'மேகம்' என்று கூப்பிட்ட அந்தக் கிரேன் ஓட்டுநருக்கு மனித முகங்கள் அவ்வளவாகப் பழக்கமில்லை. விடிந்தும் விடியாமலும் ஏணி ஏறி உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தால், பொழுது சாய்ந்த பிறகுதான் இறங்குவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் உச்சந்தலைகள்தான். மேஸ்திரி என்றால் காக்கை எச்சம் காய்ந்துபோன மஞ்சள் ஹெல்மெட். சிக்னல் கொடுப்பவன் என்றால் கறுப்பு டேப் ஒட்டிய சிவப்பு ஹெல்மெட். அதற்குக் கீழே மூக்கும் முழியும் எப்படி இருக்கும் என்று கேட்டால் மேகம் விழிப்பார். ஆனால் கண் அப்படிப்பட்ட கண். வழி தவறிய பருந்து ஒன்று கூண்டு ஓரமாக வந்து நின்று அவர் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனதாக மேஸ்திரியே சொல்லியிருக்கிறார். மேஸ்திரி பொய் சொல்லக்கூடிய ஆளில்லை, அதற்கான கற்பனை அவருக்குக் கிடையாது.

மேகத்துக்கு அன்று கடைசி ஷிப்ட். அன்றைக்கு அவர் கீழே இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

வினை ஒரு வாரம் முன்பே தொடங்கிவிட்டது. ஓய்வு பெறப் போகிறவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து கம்பெனி ஒரு வகுப்பு நடத்தியது. சேமிப்பு, வட்டி, வைத்தியச் செலவு எல்லாவற்றையும் பேசி முடித்த ஹெச்.ஆர். மேடம் கடைசியில் ஒரு கேள்வியைப் போட்டாள்.

"பணமெல்லாம் சரியா இருக்கு, பிரமாதம். ஓய்வுக்கப்புறம் வர்ற மொத திங்கக்கிழமை, காலையில பத்து மணிக்கு எங்க இருப்பீங்க? யார்கூட இருப்பீங்க?"

ஸ்டோர்கீப்பர் மீன் தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னார். வெல்டர் தூங்கப் போவதாகச் சொன்னார். மேகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வீட்டுல. சம்சாரத்தோட," என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "பத்து மணிக்கு நான் வீட்டுல இருக்கமாட்டேனே," என்றாள்.

வகுப்பே சிரித்தது. மேகமும் பல்லைக் காட்டினார், வேறு எதைக் காட்டுவது என்று தெரியாமல். எங்கே போகிறாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஆனால் அந்தப் பத்து மணி அவரை விடவில்லை. யோசித்துப் பார்த்ததில், திங்கட்கிழமை தேடிப் போக அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. அந்த ஆளின் பெயர் தெரியாது, முகமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வகிடுதான். சைட்டை ஒட்டிய தெருவில் தினமும் பத்து மணிக்கு ஒரு பெண் நடந்துபோவாள். முன்நெற்றியில் ஒழுங்காகப் புறப்படும் வகிடு, உச்சிக்கு வந்ததும் சாக்கடையைச் சுற்றிப் போகும் சந்து மாதிரி இடதுபக்கம் ஒதுங்கும். ஒரு பக்கம் நரை, மறுபக்கம் கறுப்பு. அக்குளில் துணி சுற்றிய நீளமான மூட்டை. மூலை திரும்பி மறைந்துபோவாள். இரண்டு வருஷமாக இதைப் பார்க்கிறார். அந்த மூட்டைக்குள் என்ன இருக்கும்? தூண்டிலா, திரைச்சீலைக் கம்பியா, புல்லாங்குழலா? அவ்வளவு பெரிய புல்லாங்குழலை ஊத நாலு பேர் வேண்டுமே. திங்கட்கிழமை மூலையில் நின்று அதை மட்டும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் தப்பில்லாத எண்ணத்திலும் மனைவியிடம் சொல்ல முடியாத ரகம் ஒன்று உண்டு.

கடைசி நாளன்று பத்து மணிக்கு அந்தத் தலை வரவில்லை.

பதினொன்றுக்கும் வரவில்லை. மதியம் காற்று கிளம்பியது. மேற்கே வானம் கரிச்சட்டியின் அடிப்பக்கம் போல் ஆயிற்று. கூண்டிலிருந்த காற்றளக்கும் கருவி கீச்சிட ஆரம்பித்தது. கீழே வேலையை நிறுத்திவிட்டார்கள். பிரிவு உபசாரத்துக்காக வாங்கிய சாய்வு நாற்காலியை மட்டும் முற்றத்தின் நடுவில் போட்டு வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் அது வாயைத் திறந்துகொண்டு அவருக்காகக் காத்திருந்தது.

"அண்ணே, பிரேக்கை எடுத்துவிட்டுட்டு எறங்குங்க!" வாக்கி-டாக்கியில் மேஸ்திரி கத்தினார்.

அதுதான் முறை. பலத்த காற்றடித்தால் சுழற்சி பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். கிரேனின் நீண்ட கை காற்று போகும் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். பிடித்து வைத்தால் காற்று மோதி மோதி மொத்தத்தையும் சாய்த்துவிடும். மேகத்துக்கு இது தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். ஆனால் பிரேக்கை விட்டால் கூண்டும் சேர்ந்து திரும்பும், தெரு முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றார்.

"என்னண்ணே பாத்துக்கிட்டிருக்கீங்க? முறுக்குது, சத்தம் கேக்கலையா?"

கேட்டது. இரும்பு எங்கோ அடிவயிற்றிலிருந்து முனகியது. இருக்கை ஒருபக்கமாகச் சரிந்து, நின்று, திரும்பி வந்தது. பிரேக் நெம்புகோலைப் பிடித்திருந்த கை மரத்துப்போயிருந்தது. கண் மட்டும் தெரு மூலையில்.

அப்போது ஒரு காற்று வந்தது. முற்றத்திலிருந்த சாய்வு நாற்காலி முதலில் சும்மா ஆடியது, பிறகு தவழ்ந்தது, பிறகு எழுந்தது. மாடி மாடியாக ஏறி கூண்டுக்கு நேர் எதிரே வந்து, ஒரு கணம் நின்று, உட்காருகிறீர்களா என்பதுபோல் அவர் பக்கம் திரும்பியது. மேகம் தலையை ஆட்டி மறுத்தார். அது அப்படியே கிழக்கே போய்விட்டது. யாரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

"அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா வந்துட்டாங்க! அவங்ககிட்டயாவது பேசுங்க!"

மேகம் கேட் பக்கம் எட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் ஒரு ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணின் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். தலை வெறுமையாக இருந்தது. முன்நெற்றியில் ஒழுங்காகப் புறப்பட்ட வகிடு, உச்சியில் இடதுபக்கம் ஒதுங்கியது. ஒரு பக்கம் நரை.

"மேஸ்திரி, என் சம்சாரம் எங்க நிக்கிறா?"

"இந்தா, என் பக்கத்துல!"

காக்கை எச்சத்துக்குப் பக்கத்தில் அந்த வகிடு நின்றது.

கட்டிய மனைவியின் உச்சந்தலை தெரியாத மனிதன் இருப்பானா என்று கேட்கலாம். அவள் அவரைவிட நான்கு விரற்கடை உயரம். கல்யாணமான நாளிலிருந்து நின்று பேசியபோதெல்லாம் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது அவள் முகவாய்க்கட்டைதான். அவள் உட்கார்ந்து அவர் நிற்கும்போது பார்த்திருக்கலாமே என்றால், அவர் வீட்டில் இருந்த நேரத்தில் அவள் உட்கார்ந்ததே கிடையாது.

வாக்கி-டாக்கி அவள் கைக்கு மாறியது. "ஏங்க, என்ன இது கூத்து? எறங்குங்க."

"இன்னிக்கு ஏன் பத்து மணிக்கு வரல?"

"எங்க வரல?"

"இந்தத் தெருவுல." அவர் குரல் காற்றை மீறிக் கத்தியது. "நான் திங்கக்கிழமை அந்தப் பொம்பளையத் தேடிப் போகலாம்னு இருந்தேன்."

சைட்டில் எல்லோரிடமும் ஒரே அலைவரிசைதான். மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டார். கம்பி வளைப்பவர்கள், கலவை போடுபவர்கள் எல்லாரும் காற்றை மறந்து நின்றார்கள்.

"எந்தப் பொம்பளைய?" மனைவி கேட்டாள். குரலில் சத்தம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டு வருஷமா தினம் பாக்கறேன். அவ போறத பாத்தாதான் எனக்கு டீ எறங்கும்."

"அப்படியா."

"அது நீதான். இப்பத்தான் தெரிஞ்சுது."

கிரேன் ஒரு பக்கமாக இழுபட்டு, எங்கோ ஒரு போல்ட் துப்பாக்கி வெடிப்பதுபோல் தெறித்தது. கீழே இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அந்தக் கோணல் வகிடு," என்றார் மேகம். "மூட்டையில என்ன?"

"எத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். என்ன பண்றேன்னு ஒரு நாள் கேட்டதில்ல. இப்ப சாகற எடத்துல ஒக்காந்துக்கிட்டு கேக்கறீங்க."

"கேக்கறேன்ல."

"எறங்குங்க, சொல்றேன்."

"பிரேக்கை விட்டா நான் திரும்பிடுவேன். நீ தெரியமாட்டே."

"நான் பேசிக்கிட்டே இருக்கேன். விடுங்க."

மேகம் மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நெம்புகோல் சரிந்தது. மொத்தக் கிரேனும் பெருமூச்சு விட்டதுபோல் காற்றின் போக்கில் சுழன்றது. தெரு போயிற்று, கேட் போயிற்று, வகிடும் போயிற்று. எதிரே வெறும் கறுத்த வானம். வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் காலை வைத்தார்.

மழை சாட்டை மாதிரி அடித்தது. பழகிய ஏணிதான், ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு படியும் காலைத் தேடவைத்தது. இடுப்பிலிருந்து மனைவியின் குரல் வந்துகொண்டே இருந்தது. மூலையில் ஒரு பழைய கிடங்கு, அங்கே ஒரு நாடகக் குழு, உயரமான ஆள் வேண்டும் என்றார்களாம், இவளுக்குக் கொடுங்கோல் ராஜா வேஷமாம், இன்றைக்கு அவருடைய பிரிவு உபசாரத்துக்காக ஒத்திகைக்கு லீவு சொன்னாளாம். பிறகு காற்று. பிறகு யாரோ மந்திரி, வசனத்தை மறந்துவிட்டானாம். பிறகு காற்று. பாதி ஏணியில் கால் வழுக்கி ஒரு கையில் தொங்கினார். சரியாக அப்போது இடுப்பில் ஒரு கர்ஜனை: "யாரங்கே! இந்த மூடனை இழுத்து வாருங்கள்!" அது வசனமா, தனக்கா என்று தெரியவில்லை. கால் மட்டும் தானாகப் படியைக் கண்டுபிடித்தது.

தரையில் இறங்கினார். சுற்றிலும் முகங்கள். யார் யாரென்றே தெரியவில்லை. "கொஞ்சம் குனிங்கப்பா," என்றார். எல்லோரும் வரிசையாகக் குனிந்தார்கள். ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் பார்த்து, பெயர் சொல்லி, கைகொடுத்தார். மேஸ்திரி அழுதாரா, மழையா என்பதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு.

மனைவி மட்டும் குனியவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பாதி காதுல விழல," என்றார்.

"திங்கக்கிழமை வந்து பாருங்க. ஆனா சொல்லிட்டேன், அங்க உங்களுக்கு வேலை எதுவும் கெடையாது. கீழ பாயில ஒக்காந்து, எங்க மூஞ்சியப் பாக்கணும். மேல எங்கயாவது ஏறினீங்க, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலையில் அவர் முன்னால் நடக்கப் பார்த்தார். "பின்னாடி வாங்க, முன்னாடி போனா வழி சொல்ல ஆரம்பிச்சிடுவீங்க," என்றாள். மூலையில் அவள் தெருவில் இறங்கினாள், அவர் நடைபாதை விளிம்பிலேயே நின்றார். இப்போது உயரம் சரியாக இருந்தது. வகிடு அருகில் தெரிந்தது, நரை அவர் நினைத்ததைவிட அதிகம்.

"என்ன நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் அக்குளிலிருந்த மூட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நடுவுல பிடிங்க. போன வாரம் மந்திரி மேல போட்டதுல மொன ஒடைஞ்சிருக்கு."

துணிக்குள் இருந்தது மரக் கத்தி. அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.