அப்பாவின் பகல் தூக்கம்

கலாதேவிக்குக் கோணல் என்றால் ஆகாது. கோயில் வரிசையில் முன்னால் நிற்பவளின் ப்ளவுஸ் தோள்பட்டை அரை அங்குலம் இறங்கியிருந்தால் போதும், சாமி பக்கம் கண் போகாது. அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கை துறுதுறுக்கும். லகாட் ஊரில் ஒரு மூலை வீட்டில் உட்கார்ந்து தைப்பவளைத் தேடி ஈப்போவிலிருந்து பெண்கள் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்றால் அதற்கு இந்தக் குணம்தான் காரணம். வீட்டுக்காரர் தர்மா இதைக் குணம் என்று சொல்வதில்லை, வியாதி என்பார். கலியாணமாகி இருபது வருடமாகச் சட்டைக் காலரை அவள் சரிசெய்த பிறகே வாசல் தாண்டும் மனிதர், அவருக்குச் சொல்ல உரிமை உண்டு.

தம்பி கார்த்திகேசு ஜொகூரிலிருந்து திங்கட்கிழமை மத்தியானம் போன் செய்தான். வருகிற ஞாயிறு அப்பாவின் முதல் வருடத் திதி. படையலுக்கு என்னென்ன, எத்தனை பேர் வருகிறார்கள், வாழை இலைக்குச் சொல்லியாயிற்றா என்று எல்லாம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அப்பா கம்பளி நூல்ல பின்னுன சதுரம் இருக்குல்ல, அதுல ஒண்ணு எனக்கு வேணும். கண்ணாடி பிரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறேன். போட்டோ எல்லார்கிட்டயும் இருக்கு. இது அப்பாவோட கை வேலைலா."

"சரிடா, வந்து எடுத்துக்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு மெஷினைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி மனசாரக் கேட்டுவிட்டான். கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. முப்பத்தொரு சதுரம் பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கி இருக்கிறது. அதில் அப்பா போட்ட பின்னல் கண்ணி என்று ஒன்றுகூடக் கிடையாது. இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பாவின் பெயர் பத்துமலை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தபோது செம்பனைக் குலை ஏற்றினார். செம்பனையை வெட்டித் தாமான் வீடுகள் கட்டியபோது அதற்குக் கல்லும் மணலும் ஏற்றினார். எது வந்தாலும் எது போனாலும் அவருக்கு லாரி இருந்தது. அறுபத்தெட்டாம் வயதில் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்தபோதுதான் ஸ்டேரிங்கை விட்டார். அம்மா போய் வெகு காலமாகிவிட்டது. கலாதேவி கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஹாலில் தையல் மெஷினுக்கு நாலடி தள்ளிக் கட்டில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வேன் வந்து அவரை ஈப்போவில் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப் போகும். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி, விரலுக்கு வேலை வேண்டும் என்று கையில் ஒரு கொக்கி ஊசியையும் கம்பளி நூலையும் கொடுத்து, கண்ணி கண்ணியாகச் சதுரம் பின்னப் பழக்கிவிட்டாள். வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும் என்று உத்தரவு. முதல் சதுரத்தை முடிக்க அப்பாவுக்கு மூன்று நாள் ஆனது. முடித்தபோது அது சதுரமாகவும் இல்லை, வட்டமாகவும் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டார்.

"கை போச்சு கலா. இனி இது கை இல்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் பகல் தூக்கத்தில் இருந்தபோது கலாதேவி சத்தம் போடாமல் மெஷினை நிறுத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை முழுக்கப் பிரித்தாள். அதே நூலில், அதே அளவில் நேராகப் பின்னித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றரைக்கு எழுந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லலா. நெனச்ச அளவுக்கு மோசமில்ல."

அந்தப் 'பரவால்லலா'வுக்கு அவள் மயங்கிப்போனாள். அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். காலையில் அவர் பின்னுவார். இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அவள் மெஷினை நிறுத்துவாள், கட்டிலில் வந்து உட்காருவாள், தப்பைத் தேடிப் பிடித்துப் பிரித்துப் பின்னுவாள். எட்டு மாதம். ஒரு நாள்கூட அவரிடம் மூச்சு விட்டதில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. செவ்வாய்க்கிழமை மட்டும் அப்பா வெறுங்கையோடு வருவார். அங்கே காலுக்குத்தான் பயிற்சி என்பார்.

கடைசி இரண்டு மாதம் தப்புகள் கூடிக்கொண்டே போயின. அவள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் அப்பாவின் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்து, கை நன்றாகத் தேறி வருகிறது என்றார். அவள் நம்பவில்லை. டாக்டருக்குக் கம்பளி நூலைப் பற்றி என்ன தெரியும்?

போன வருடம் தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அடுத்த ஸ்ட்ரோக் வந்தது. ஒரே நாளில் அப்பா போய்விட்டார்.

இழவு வீட்டில் அந்தச் சதுரங்கள் கை மாறின. பெரியம்மா ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லாரிக்காரர்கள் இரண்டு பேர் தடவிப் பார்த்து, "கல்லு ஏத்துன கையா இது" என்று அழுதார்கள். மகள் தினேஸ்வரி படம் பிடித்து, 'தாத்தா கை வேலை' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினாள். கலாதேவி பேசாமல் இருந்தாள். அன்று ஆரம்பித்த தனிமை இந்த ஒரு வருடத்தில் குறையவே இல்லை. அப்பாவைப் பற்றி யாரும் பேசாதபோது ஓரளவு தாங்கிக்கொண்டாள். எல்லாரும் கூடி உட்கார்ந்து அந்தச் சதுரங்களை எடுத்து வைத்துக்கொண்டு அவரைப் பேசும்போதுதான் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு கோணல் சதுரத்தையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

தம்பி போன் செய்த அன்று சாயங்காலம் தர்மாவிடம் முதல் தடவையாகச் சொல்லிவிட்டாள். அவர் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டார்.

"நூல் அவர் தொட்ட நூல்தானே. விடுலா. மச்சானுக்கு என்ன தெரியப் போவுது?"

நல்ல மனிதர். ஆனால் சில விஷயங்கள் அவர் காதோடு நின்றுவிடும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனாள். ஆரம்ப காலத்தில் பின்னியது ஏதாவது அங்கே கிடக்காதா என்ற ஆசை. மிஸ்ஸி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இங்கே எதையும் வைத்துக்கொள்வதில்லை, உன் அப்பா பின்னியதையெல்லாம் கூட உட்காரும் சாஹிபிடம் கொடுத்துவிடுவார் என்றாள். சாஹிப் இப்போது வருவதில்லை, பழைய மார்க்கெட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார் என்று வழியும் சொன்னாள்.

காலுக்குப் பயிற்சி என்று சொன்ன மனிதர் அங்கேயும் பின்னியிருக்கிறார். அவள் கை படாத கோணல் எங்கேயோ இருக்கிறது.

கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. கல்லாவில் சாஹிபின் மகன் அக்மல் இருந்தார். மீரா சாஹிப் மின்விசிறிக்குக் கீழே கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"பத்துமலை மகளா! ப்ளவுஸ் தைக்கிற புள்ள. உக்காரும்மா. அக்மல், தங்கச்சிக்கு ஒரு தே தாரிக்."

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் கைத்தடியால் கல்லாவுக்குக் கீழே காட்ட, அக்மல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். கலாதேவி அவசர அவசரமாகக் கையை விட்டு எடுத்தாள். பச்சை, மஞ்சள், நீலம் என்று இருபது சதுரத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் நேராக இருந்தன. நாலு மூலையும் மடிப்பு பிசகாமல், ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் அப்படியே பொருந்தின.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இது அப்பா பின்னுனது இல்ல மாமா. வேற யாரோடதோ. அப்பாவுக்கு நேரா வராது. நாலு வரிக்கு ஒரு தப்பு இருக்கும்."

"யாருக்கு, பத்துமலைக்கா?" சாஹிப் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. "மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு, அதையெல்லாம் அவரே பிரிச்சிருவாரு. மூணு மாசத்துல தேறிட்டாரு. எங்க மேசையில அவர்தான்மா கெட்டி. புதுசா வாரவங்களுக்கு மிஸ்ஸி அவர் பின்னுனதைத்தான் காட்டும்."

"அப்ப வீட்ல ஏன் அவ்வளவு தப்பு?"

சாஹிப் தேத்தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"போன மனுசனோட ரகசியம். வருசம் ஒண்ணு ஆச்சு, சொன்னா கோவிச்சுக்க மாட்டாரு. நீ பிரிச்சுப் பின்னுறது அவருக்கு மொத வாரமே தெரியும்மா. லாரிக்காரர். எந்த நட்டை எவன் முடுக்குனான்னு பார்த்தே சொல்றவருக்கு, தான் போட்ட கண்ணி தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ நிப்பாட்டிருவியே. 'சாஹிபு, என் மக விடிஞ்சதுல இருந்து மிசின்ல தலை நிமிராது. சோறு குடுக்கும், மருந்து குடுக்கும், போயிரும். ரெண்டு மணிக்குத்தான் மிசினை நிறுத்திட்டு என் கட்டில்ல வந்து உக்காரும். அதோட முதுகு என் கால்ல படும். நான் தூங்குற மாதிரி படுத்துக்குவேன்'னு சொல்வாரு. தப்பு கூட இருந்தா கூட நேரம் உக்காருவியாம். அதுக்குன்னே பாத்துப் பாத்துத் தப்பு போடுவாரும்மா. இங்க நேரா போட்டதை வீட்டுக்குக் கொண்டு போனா மாட்டிக்குவேன்னு எல்லாத்தையும் என்கிட்ட தள்ளிருவாரு."

கலாதேவி கையிலிருந்த பச்சைச் சதுரத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா வந்த செவ்வாக்கிழமை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் சாஹிப். "'தீவாளி வேலை சாஹிபு, இப்பல்லாம் மக பத்து நிமிசத்துல எந்திரிச்சிருது. நாளைக்கு இருபது தப்பு போடப் போறேன். ஒரு மணி நேரம் கேரண்டி'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே வேன்ல ஏறுனாரு." அவர் பையை அவள் பக்கம் தள்ளினார். "வேணுங்கிறத எடுத்துக்கம்மா. எல்லாம் அவர் கை."

தம்பிக்கு ஒன்று என்று மஞ்சளை எடுத்தாள். விரல்கள் எடுத்தனவே தவிர, மனம் அங்கே இல்லை. அது ஸ்ட்ரோக்குக்கு முந்திய அந்தப் புதன்கிழமைக்குப் போய்விட்டது.

அன்று மாலைக்குள் பதினொரு ப்ளவுஸ் கொடுத்தாக வேண்டும். இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவின் சதுரத்தைக் கையில் எடுத்தாள். வரிக்கு வரி தப்பு. ஓரம் எல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தது. இதைத் திருத்திக்கொண்டிருக்க இன்றைக்கு நேரமில்லை என்று எரிச்சல் வந்தது. கட்டிலில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே நூல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முழுச் சதுரமும் சரசரவென்று பிரிந்து வந்தது. நூலைச் சுற்றித் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய் மெஷினைப் போட்டாள். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்பா வழக்கம்போல மூன்றரை மணி வரைக்கும் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார்.