ஒரே வசனத்தில் ஏர்னஸ்ற்

"அப்பாவை ஒரே வசனத்திலை எழுதவேணும் அம்மா" என்று என் பேத்தி ஜூலி தாயிடம் சொன்னது குசினிவரை கேட்டது. நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போனேன்.

"ஆர் சொன்னது அவன் செத்துப்போனான் எண்டு?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு மனிதனை ஒரே வசனத்தில் எழுதுவது ஒரேயொரு தேவைக்குத்தான். மன்னாரைப் பிறப்பிடமாகவும் இத்தாலி பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அன்னார் இன்னாரின் மகனும் இன்னாரின் கணவரும் ஆவார் என்று மூச்சுவிடாமல் போகும். பக்கத்தில் மெழுகுதிரிப் படம் போட்டுப் போனுக்குப் போன் அனுப்புவார்கள். எனக்குத் தெரியாமல் அதைத்தான் ஆயத்தம் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மரண அறிவித்தல் இல்லை மாமா," என்றாள் மருமகள் றஜிதா. "இவள் சினிமாப் படம் எடுக்கப் பழகப் போறாளாம்."

"அதுக்கு என்ரை மகன் என்னத்துக்கு?"

படம் எடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களைப் பார்த்துக் கண்ணீர் விடுவார்கள். அடுத்த கிழமை தெருவில் கண்டால் முகம் தெரியாது.

ஜூலி பொறுமையாகச் சொன்னாள். ஒரு வகுப்பு நடக்கப் போகிறதாம். சேர விரும்புகிறவர்கள் தங்கள் படக்கதையை ஒரே வசனத்தில் எழுதி அனுப்பவேண்டும். அதற்குப் பெயர் லொக்லைன். இன்று பின்னேரத்துக்குள் போகவேண்டும்.

"ஆள் ஆர், ஆளுக்கு என்ன வேணும், எது மறிக்குது, கடைசியிலை என்ன பறிபோகும். இந்த நாலும் அதுக்குள்ளை வரவேணும் அப்பப்பா. பேர் போடக்கூடாது."

"பேர் இல்லாமல் ஆரெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியத் தேவையில்லை. ஒரு மீனவன், ஒரு விதவை, அப்பிடித்தான் போடோணும்."

றஜிதா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். தான் விதவையா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

என் மகன் ஏர்னஸ்ற் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். நாலு வருசத்துக்கு முதல் ஒரு விடியற்காலையில் முதலாளியின் சின்னப் படகை எடுத்துக்கொண்டு வலை பார்க்கப் போனான். படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. பொலிசும் கரையோரக் காவலும் தேடி, பிறகு நிறுத்திவிட்டார்கள். உடம்பைக் காட்டாமல் செத்துவிட்டான் என்று சொன்னால் நான் ஏன் நம்பவேண்டும்? நானும் கடற்தொழில் செய்தவன்தான். அள்ளுண்டு போய் வேறு நாட்டில் கரையேறினவர்களை எனக்குத் தெரியும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை. பூசையில் மன்றாடச் சொல்லி நான் மாதம் தவறாமல் ஒரு கருத்துக் கொடுப்பேன். உபதேசியார் பவுல் அதை வாசிப்பார்: 'கடலுக்குப் போன ஏர்னஸ்ற் சுகமாய்த் திரும்பிவர.' சனம் நிலத்தைப் பார்க்கும். பார்க்கட்டும். றஜிதா இரண்டொரு தரம் ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு பூசை வைப்பமோ என்று கேட்டாள். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் சுகத்துக்கும் ஒருவர் ஆத்துமாவுக்கும் கேட்கமுடியாது, முதலில் உங்களுக்குள் கதையுங்கள் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். நான் கதைக்கவில்லை.

"சரி, எழுதினதை வாசி," என்றேன் ஜூலியிடம்.

"முதல் எழுதினது இது. கடலில் காணாமற்போன தகப்பனை மகள் தேடுகிறாள்."

"நீ எங்கை தேடினனி? மொண்டெல்லோக் கடற்கரைக்குக் குளிக்கக் கூப்பிட்டாலே வாறேல்லை."

"ஓம். எங்கடை பள்ளிக்கூட ரீச்சரும் வாசிச்சுப்போட்டு அதைத்தான் கேட்டவ. தேடுறது எண்டு சும்மா எழுதியிருக்கிறாய், உண்மையிலை அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும் எண்டு. அதாலை மாத்தினன்."

மாற்றினதை இத்தாலியனில் கடகடவென்று வாசித்தாள். வேண்டுமென்றேதான். ஆனால் 'நொன்னோ' என்றால் தாத்தா என்று எனக்குத் தெரியாதா?

"தமிழிலை சொல்லு."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தகப்பன்ரை ஆத்துமாவுக்குப் பூசை வைக்க ஆசைப்படுற பிள்ளையை, அவர் திரும்பி வருவார் எண்டு நிக்கிற தாத்தா மறிக்கிறார்."

"மறிக்கிறது நானோ? கடல் இல்லையோ?"

"கடல் தன்ரை வேலையை முடிச்சிட்டுது அப்பப்பா."

"கொப்பனை வித்துப் படம் காட்டப் போறாய்."

"நான் இன்னும் ஒருக்காலும் அழேல்லை. தெரியுமோ உங்களுக்கு?" சத்தம் போடாமல்தான் கேட்டாள். "அவன் வருவான், வருவான் எண்டு நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தா நான் எப்பிடி அழுறது? வாற ஆளுக்கு அழுறதோ?"

அவள் விடவில்லை.

"கடைசித் துண்டுதான் இன்னும் வரேல்லை. பூசை வைச்சா அந்தத் தாத்தாவுக்கு என்ன பறிபோகும்? அதைத்தான் அந்த வகுப்புக்காரர் கேப்பினம்."

"அவையையே கேள்," என்று சொல்லிவிட்டு ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு இறங்கிப் போனேன்.

சந்தை கலைந்துகொண்டிருந்தது. மீன் கடைக்காரன் ஐஸ்கட்டிகளை வடிகாலில் கொட்டினான். கேட்பாரில்லாத ஒரு கணவாய் தட்டில் கிடந்தது. நான் நடந்தேன். இந்த ஊரில் கூலிக்கு வாசற்படிகள் கழுவிக் கழுவி முழங்கால் போய்விட்டது, கனதூரம் முடியாது. ஒரு சுவரில் சாய்ந்து நின்றபோது, அவள் கேட்டதற்கு விடை எனக்கு முதலே தெரியும் என்று பட்டது. தெரியாதது மாதிரி நடந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அவள் அதே கதிரையில் இருந்தாள்.

"எழுது. பூசை வைச்சா, பிறகு ஆண்டவரிட்டைக் கேக்கிறதுக்கு அந்தக் கிழவனிட்டை ஒண்டுமில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனில் தட்டினாள். "நீளமாப் போச்சு அப்பப்பா."

"அப்ப வெட்டு."

எதை வெட்டினாள் என்று நான் கேட்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

பத்துப் பதினைந்து நாளில் பதில் வந்தது. அவளை வகுப்புக்கு எடுக்கவில்லை. அந்தத் தாத்தா ஏன் மறிக்கிறார் என்பது நம்பும்படியாக இல்லையாம். ஜூலி சிரிக்கப் பார்த்தாள், சரிவரவில்லை.

"நான் சொன்னனான்தானே, அந்த ஆக்களை நம்பாதை எண்டு," என்றேன்.

"ஓம் அப்பப்பா."

அதோடு முடிந்திருக்கலாம். அவள் அதற்குப்பிறகு பூசையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், எனக்கு மருந்து எடுத்துத் தந்தாள். அவள் அப்படிப் பேசாமல் இருப்பதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாலு வருசமாக அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள். நான் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

முதல் ஞாயிறு வந்தது. கோயில் வாசலில் பவுல் பேனையோடு நின்றார்.

"வழமையானதுதானே எமிலியானுஸ் அண்ணை?"

"இல்லை. ஆத்துமாவுக்கு."

எழுதத் தொடங்கிய கை நின்றது. அவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்கவில்லை. "இறந்த திகதி போடவேணும் அண்ணை. காணாமப்போன நாளைப் போடட்டோ?"

"அண்டைக்கு அவன் செத்தான் எண்டு ஆர் கண்டது? அதைப் போடாதை."

"அப்ப?"

"இண்டைய திகதியைப் போடு."

பவுல் போட்டார்.

பூசையில் அவர் வாசித்தார். ஏர்னஸ்றின் பெயருக்கு முன்னால் 'மரித்த' என்ற சொல் வந்தது. சனம் நிலத்தைப் பார்க்கவில்லை, எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் ஜூலி அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளை விழுந்து அழுகிற மாதிரி வாயைத் திறந்து, பாட்டுக்கும் மேலால் கேட்க அழுதாள். எத்தனை வயதுப் பிள்ளை, கோயிலுக்குள் இப்படியா என்று அவளின் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

றஜிதா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"விடுங்கோ மாமா. அழட்டும்."

அவள் என் கையை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.