மொட்டைமாடி ஒப்பாரி

நஃபீஸாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து மூன்று முறை காபி போட்டு மூன்றையும் ஆறவிட்டாள். மாலை ஐந்து மணிக்கு நாடக ஒத்திகை. இன்றைக்கும் அழுகை சரியாக வராவிட்டால் தாய் வேடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். ஒருநாளும் கண் கலங்கியதில்லை. கலங்கினால் வேலை ஓடாது. சின்ன வயதிலிருந்தே மேடை ஆசை, ஓய்வு பெற்ற மறுவாரமே நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. "அக்கா, நீங்க அழுறது ஊசி போடுற மாதிரி இருக்கு" என்று நேற்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான் இயக்குநர் கைஸ், இருபத்தெட்டு வயதுப் பொடியன். அவளுக்கு மானம் போயிற்று.

கணவர் ஹேதியும் சும்மா இல்லை. "முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயசுல கூத்தாடப் போறாளாம்!" என்று சொல்லிவிட்டுக் காபிக்கடைக்குச் சீட்டாடப் போய்விட்டார்.

தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு நஃபீஸா மொட்டைமாடிக்கு ஏறினாள். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே அங்குமிங்கும் நடந்தபடி, "ஐயோ, என்னை விட்டுப் போயிட்டியே!" என்று கதறினாள். பிடிக்கவில்லை. மறுபடி கதறினாள். தொண்டை கட்டும்வரை விடவில்லை.

எதிர்வீட்டு வஸீலாவின் காதில் அது விழுந்தது. போன குளிர்காலத்தில்தான் ஹேதிக்கு இதயத்தில் அடைப்பு எடுத்தார்கள். வேறென்ன நினைப்பாள்? ஓடிவந்து கதவைத் தட்டினாள், கதறலுக்கு நடுவே அது நஃபீஸாவுக்குக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் சாவு வீட்டு அடுப்பை எரிய விடமாட்டோம். விசாரணையெல்லாம் பிறகுதான். ஒரு மணி நேரத்தில் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை கட்டின. வாசலில் குஸ்குஸ் சாப்பாட்டு அண்டா வந்து இறங்கியது.

அப்போது பார்த்து ஹேதி சீட்டில் தோற்றுத் திரும்பி வந்தார். வஸீலாவின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"ஹேதி அண்ணே! நீங்க சாகலையா?"

"நான் எதுக்குச் சாகணும்? என் வாசல்ல எதுக்கு நாற்காலி?"

"உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் நின்னுபோச்சு. எவ்வளவு தட்டியும் நஃபீஸா கதவைத் திறக்கலை அண்ணே..."

மாடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நஃபீஸா பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஹேதியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு முட்டி மடங்கியது. அதற்கப்புறம்தான், "நஃபீஸா!" என்று ஓர் அலறல் வந்தது.

கூப்பிட வேண்டியவள் கூப்பிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முப்பத்தேழு வருடத்தில் இந்த மனுஷன் தனக்காக இப்படி அழுவார் என்று அவளுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கண்ணீர் தானாக இறங்கியது.

"என்னங்க, நான் இங்கதான் இருக்கேன்!"

ஒத்திகை என்று தெரிந்ததும் தெருவே அவளைத் திட்டித் தீர்த்தது. "இனி நீ நிஜமாவே செத்தாலும் வரமாட்டேன், போ!" என்றாள் வஸீலா. அண்டாவை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஹேதி கதவை அறைந்து சாத்தினார். "நாடகமாம் நாடகம்! இன்னிக்கு நீ வாசப்படி தாண்டிப் பாரு!"

மணி நாலரை. நஃபீஸா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகத்தான் போறேங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முட்டி மடங்கினப்போ கையை எங்க வெச்சிருந்தீங்க? கண்ணு கலங்கி சரியாத் தெரியலை."

ஹேதி அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "இப்படி" என்றார்.