இரண்டும் ‘கால்’தான்

பழைய போன்களைக் கைவிட மாட்டேன் என்று மாதவி ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அடித்துச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்தான். டயாலிசிஸ் எப்போது என்று நோயாளிகளுக்கு நினைவூட்டும் செயலி அவர்களுடையது. அதன் வங்காள, தமிழ் வாசகங்களைக் கணினியில் ஒரு புதுக் கிடங்குக்கு மாற்றும் வேலை அவள் தலையில். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு பெயர் உண்டு; பழைய செயலி பழைய பெயரைச் சொல்லித்தான் வாசகத்தைக் கேட்கும். அதற்காக ஒவ்வொரு பழைய பெயரையும் புதுப் பெயரோடு முடிச்சுப் போட்டாள். ஒரே வாசகம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றாக்கினாள்.

மாலையில் புதுக் கிடங்கை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். லேக் மார்க்கெட் வீட்டில் இருக்கும் அப்பா வைத்தியநாதனும் டயாலிசிஸ் நோயாளிதான்; சோதித்துப் பார்க்க அவர் போனுக்கு மட்டும் காலையிலேயே திறந்துவிட்டாள். புதுச் செயலியை ஏற்காத கிழட்டுப் போன் அது. மாற்றச் சொன்னால் மனிதர் சண்டைக்கு வருவார்.

மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

“மாதவி, டயாலிசிஸ் நேற்றுன்னு போட்டிருக்குடி. நாளைக்குன்னுன்னா நெனச்சிண்டிருந்தேன்! தவற விட்டுட்டேனா?”

“நாளைக்குத்தாம்பா. தப்பு என்னுது, உன்னுது இல்லே.”

தேடவே வேண்டியிருக்கவில்லை. வங்காளத்தில் நேற்றும் ‘கால்’தான், நாளையும் ‘கால்’தான். மூல வாசகம் வங்காளம் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கி, முதலில் கிடைத்த ‘நேற்று’ என்ற தமிழையே இரண்டுக்கும் ஒட்டியிருந்தாள். சென்னையிலிருந்து வந்த ஒருத்தி இதைச் செய்திருக்கவே மாட்டாள். ஜாதவ்பூரில் படித்து, கனவுகூட வங்காளத்தில் காண்கிற இந்த மகராசிக்கு அது தப்பாகவே படவில்லை.

மாதவி விஷயத்தைச் சொன்னதும் மேலதிகாரி மேக்னா வங்காளத்தில் கேட்டாள். “புதுச் செயலியில தேதியும் தெரியுதே, அப்புறம் என்ன? பழைய போன்காரங்களை விட்டுடு. சாயங்காலம் திறக்கறது தள்ளிப்போகக் கூடாது.”

“தள்ளிப்போகாது, மேக்னா தீதி. ஆனா பழைய போன்ல தேதி வராது, இந்த ஒரு சொல்தான் வரும். நேற்றுன்னு பார்த்தவங்க நாளைக்கு எப்படிப் போவாங்க?”

மேக்னா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வங்காளத்தில் ஒன்றாக இருந்தால் போதாது, தமிழிலும் ஒன்றாக இருந்தால்தான் சேர்க்கலாம் என்று மாதவி விதியைத் திருத்தினாள். ஒட்டியிருந்த சொற்கள் பிரிந்தன. நேற்றின் பழைய பெயர் நேற்றோடும், நாளையின் பழைய பெயர் நாளையோடும் போய்ச் சேர்ந்தது. கை ஒரு தரம்கூடத் தயங்கவில்லை. வெளிச்சம் போகுமுன் முடித்து, முதலில் அப்பாவின் போனுக்கு அனுப்பினாள்.

உடனே கூப்பிட்டார். “நாளைன்னு வந்துடுத்துடி!”

“நான்தான் அப்பவே சொன்னேனே?”

“நீ சொன்னே. போன் சொல்ல வேண்டாமா? தவற விட்டாச்சுன்னா உடம்புல தண்ணி சேந்துடுமேன்னு, காலேலேர்ந்து ஒரு வாய்கூடக் குடிக்கலை. இப்போ குடிக்கலாமோல்லியோ?”

“குடி, அப்பா. நான் லைன்லயே இருக்கேன்.”

அவர் தண்ணீர் குடிப்பதைக் கேட்டுக்கொண்டே, எல்லோருக்கும் திறந்துவிட்டாள்.